தடை எதுவும் இல்லை

அன்று காலை ஏழே காலுக்கு நாங்கள் நாலு பேரும் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தோம். உட்காரக் கூடாது என்பது தம்பியின் கட்டளை. உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. வெளியே மூன்றாவது வாரமாக மழை. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து எதிர்க் கட்டடமே தெரியவில்லை.

"யாரு முதல்ல?" என்றான்.

"நான் சொல்லிடறேன், எனக்கு நேரமாச்சு," என்றாள் அவன் மகள். வாயில் சீப்பைக் கவ்விக்கொண்டு தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "நேத்து ஒரு வேலையை முடிச்சேன். இன்னைக்கு அதையே திரும்பவும் முடிப்பேன், ஏன்னா நேத்து முடிச்சது ஓடல. தடை, எங்க மேனேஜர்."

"ஆளைச் சொல்லக் கூடாது பாப்பா. விஷயத்தைச் சொல்லணும்."

"சரி. தடை, எங்க மேனேஜரோட மூளை."

தம்பி மனைவி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "நேத்து துணி துவைச்சுக் காயப் போட்டேன். இன்னைக்கு அதே துணியைக் காயப் போடுவேன். தடை மழை. போதுமா? தள்ளுங்க, முட்டை வெடிக்குது."

என் முறை வந்தது. "நேத்து ஒண்ணும் பண்ணலடா. இன்னைக்கும் ஒண்ணும் பண்றதா இல்ல. அதுக்குத் தடையும் இல்ல."

"எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் இவ்ளோ கரெக்டா திட்டம் போட்டதில்லக்கா," என்று சிரித்தான்.

பிறகு அவன் முறை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்றான். "நேத்து ஆறாவது சுத்து வேலையெல்லாம் வந்து சேர்ந்துடுச்சான்னு பார்த்தேன். இன்னைக்கு மூணு மணிக்கு அதைக் காட்டறோம். நாலரைக்கு அவங்க எழுதித் தருவாங்க. தடை..." என்று நிறுத்தி முட்டைப் பாத்திரத்தைப் பார்த்தான். "தடை எதுவும் இல்ல."

பாதி முட்டைதான் சாப்பிட்டான். பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு, "வரேங்க்கா," என்றான். அவன் மனைவி, "குடை," என்றாள். எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான். அதற்குமேல் அன்று எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அவன் ஏறிய பஸ் அவன் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனது. அதற்கடுத்த ஏழு நிறுத்தங்களையும் தாண்டியது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு ஓட்டுநர் எழுந்து வந்து தோளைத் தொட்டிருக்கிறார். பிறகு எங்களைத் தேடி வந்து, தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு சொன்னார்: "தூங்கறார்னு நெனச்சேன்மா. முகம் அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு தடவை 'சார், கடைசி ஸ்டாப்'னு சத்தம் கொடுத்தேன். மூணாவது தடவைதான் கிட்டப் போனேன்."

குடை அவன் முழங்கால்களுக்கு நடுவே நேராக நின்றதாம்.

*

நான் அவனைவிட மூன்று வயது பெரியவள். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அவன் குடியிருந்த கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் ஓர் அறையில் இருந்தேன். சாப்பாடு மட்டும் மேலே. அதனால் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். பாதிக்கு மேல் என் முன்னால்தான் நடந்தது.

அவன் இருபத்தாறு வருடம் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்தான். பெரிய கிடங்குகளில் எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது என்று காட்டுகிற மென்பொருள் செய்யும் கம்பெனி. அதில் யார், எதை, எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிக்க வேண்டும் என்று திட்டம் போடுவது அவன் வேலை. நீளநீளக் காகிதங்களை ஒட்டி, கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு தேதி எழுதுவான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே 'காலண்டர் சார்'.

வீட்டிலும் அப்படித்தான். சுவருக்கு வண்ணம் அடிப்பது, பல் பிடுங்குவது, ஊருக்குப் போவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு கோடு உண்டு, கோட்டுக்கு ஒரு தேதி உண்டு. "நீ பொறந்தது ஒண்ணுதான் பிளானைவிடப் பதினோரு நாள் பிந்திப் போச்சு," என்று மகளைச் சீண்டுவான். "அதுக்கு நான் பொறுப்பில்ல, நீ அம்மாகிட்ட கேட்டு பிளான் போட்டிருக்கணும்," என்பாள் அவள்.

அவன் தொழிலின் ரகசியத்தை ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தான். "ஒருத்தன் ஆறு நாள் ஆகும்னு சொன்னா நான் ஒன்பதுன்னு எழுதுவேன்க்கா. அந்த மூணு நாள் என் சட்டைப் பையில இருக்கும். அவனுக்கும் தெரியாது, மேல இருக்கறவங்களுக்கும் தெரியாது. ஏதாவது உடைஞ்சுதுன்னா எடுத்து ஒட்டிடுவேன்."

"உடைஞ்சிருச்சுன்னு மேல சொல்ல மாட்டியா?"

"எதுக்கு? போய்ச் சொல்றதுக்கா என்னை வச்சிருக்காங்க? அதை நானே முழுங்கறதுக்குத்தானே நாற்காலி போட்டிருக்காங்க."

பெருமையாகத்தான் சொன்னான். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கம்பெனி வேலை முறையையே மாற்றியது. இனிமேல் ஒரு வருடத் திட்டம், பெரிய கோடு, கடைசித் தேதி எதுவும் கிடையாது. இரண்டு வாரம் ஒரு சுற்று. சுற்றின் தொடக்கத்தில் குழுவே கூடி எதைச் செய்வது என்று எடுத்துக்கொள்ளும். முடிவில் செய்ததைக் காட்டும். தினமும் காலையில் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எனக்கு என்ன தடை என்று ஆளுக்கு மூன்று வாக்கியம் சொல்லும். மேனேஜர் என்று யாரும் இல்லை. ஸ்க்ரம் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். அவர் யாருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கக் கூடாது, தேதி கேட்கக் கூடாது. தடை என்னவென்று கேட்டு அதை விலக்கித் தர வேண்டும்.

பழைய மேனேஜர்களில் நாலு பேர் அந்த மாதமே விலகிப் போனார்கள். தம்பி போகவில்லை. அவனுக்கு ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவைக் கொடுத்து, ஆறு சுற்று அவகாசம் தந்தார்கள். ஆறாவது சுற்றின் முடிவில் அந்த ஐந்து பேரும், இவர் எங்களுக்கு வேண்டும் அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அதுதான் தீர்ப்பு.

"அம்பத்திமூணு வயசுல உங்களுக்குப் பரீட்சையா?" என்றாள் அவன் மனைவி. "விட்டுட்டு வாங்க. வீட்டுல இருந்து எனக்குத் தேங்காய் உடைச்சுக் குடுங்க."

"அதுக்கும் தேதி கேப்பேன்."

"கேளுங்க. நான் பதில் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பழக்கம் ஆகிடும்."

சிரித்தோம். ஆனால் அன்று அவன் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "வேலை போறது ஒண்ணும் இல்லக்கா. அஞ்சு பேரு கூடி, இந்த ஆளால எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லன்னு எழுதிட்டா? எழுத்துல குடுத்துட்டா?"

*

மகள் வேறொரு கம்பெனியில் இதே முறையில் மூன்று வருடமாக வேலை செய்கிறாள். அவள்தான் அவனைப் பழக்கினாள். காலையில் அடுப்படியில் நிற்பதும் அப்படித் தொடங்கியதுதான். ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று பத்தி பிரித்து, செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது என்று தலைப்பு ஒட்டினாள். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வண்ணச் சீட்டு. அவனுக்கு நீலம். அலுவலகத்துச் சுற்று எப்போதோ அப்போதுதான் வீட்டுச் சுற்றும். ஒரு சுற்றில் முடியாத வேலையை அடுத்த சுற்றுக்குத் தள்ளினால் சீட்டின் மூலையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

முதல் வாரம் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"வேலையை நாள் கணக்குல அளக்கக் கூடாதுப்பா. பாயின்ட்ல அளக்கணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு."

"நாலு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அவள் அம்மா.

"நீ சும்மா இரும்மா. அப்பா, இது எவ்ளோ பெரிய வேலைங்கறதைக் காட்டும்."

"அஞ்சுன்னா அஞ்சு நாளா?"

"இல்ல. அஞ்சுன்னா மூணைவிடப் பெருசு, எட்டைவிடச் சின்னது. அவ்ளோதான்."

"எப்ப முடியும்?"

"முடியறப்ப முடியும்."

"இதை நான் எப்படிம்மா கஸ்டமர்கிட்ட சொல்றது? அவன் போன்ல இருக்கான்."

"நீ சொல்ல வேண்டாம்ப்பா. அதான் விஷயமே."

தலையைத் தலையை ஆட்டினான். இருந்தாலும் முதல் இரண்டு சுற்றும் கைகளை அடக்கிக்கொண்டுதான் இருந்தான். கேட்பதற்கு வாய் துறுதுறுக்குமாம். கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொள்வானாம். குழுவில் சோதனை வேலை பார்க்கிற கண்ணாடிக்காரப் பெண் அவனுக்கு மிட்டாய் கொடுத்தாளாம். "கேள்வி வந்தா இதைப் போட்டுக்குங்க சார்." சட்டைப் பை நிறைய மிட்டாய்க் காகிதம் கிடக்கும்.

மூன்றாவது சுற்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை அப்போது தொடங்கவில்லை; வெயிலில் மேசை மேல் பழைய நீளக் காகிதத்தை விரித்து வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஐந்து பேரின் பெயரும் இருந்தது. ஒவ்வொருவரும் இதுவரை எத்தனை பாயின்ட் வேலையை எத்தனை நாளில் முடித்தார்கள் என்று அவனாகக் கணக்குப் போட்டு, ஒரு பாயின்ட்டுக்கு ஒன்றேகால் நாள் என்று கண்டுபிடித்திருந்தான்.

மகள் பார்த்துவிட்டாள். "அப்பா! பாயின்ட்டை நாளா மாத்தினியா?"

"எனக்குன்னு போட்டு வச்சிருக்கேன்மா. மனசு கிடந்து தவிக்குது. ஒரு தேதி தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

"யார்கிட்டயும் காட்டிடாதே."

"காட்டுவேனா?"

காட்டிவிட்டான். திங்கட்கிழமை மேலதிகாரி அவன் மேசைப் பக்கம் வந்து, "சும்மா ஒரு ஐடியாவுக்கு, எப்ப முடியும்னு ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இருபத்தாறு வருடப் பழக்கம். கேட்டவுடன் கை தானாகவே அனுப்பிவிட்டது.

புதன்கிழமை அந்த மேலதிகாரி, குழுவில் தாடி வைத்த ஒருவன் உண்டு, அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். "உங்க வேலை அஞ்சு பாயின்ட். ஆறேகால் நாள்ல முடியணும். இன்னைக்கு எட்டாவது நாள்," என்றார். தாடிக்காரன் திரும்பி என் தம்பியைப் பார்த்தானாம்.

மறுநாள் காலை வட்டத்தில் நின்றார்கள். முதல் ஆள், "நேத்து வேலை செஞ்சேன். இன்னைக்கும் வேலை செய்வேன். தடை எதுவும் இல்ல," என்றான். அடுத்த ஆளும் அதையே சொன்னான். ஐந்து பேரும் சொல்லுக்குச் சொல் அதையே சொன்னார்கள். மூன்று பாயின்ட் என்று சொல்லியிருந்த வேலைகளெல்லாம் அடுத்த கூட்டத்தில் எட்டாகிவிட்டன. மிட்டாய் நின்றுவிட்டது.

"எனக்கே ஒளிச்சு வைக்கறாங்கக்கா," என்றான் என்னிடம். "நான் இருபத்தாறு வருஷமா மத்தவங்களுக்குப் பண்ணினதை அவங்க எனக்குப் பண்றாங்க. நல்லாவும் பண்றாங்க."

"போய்ச் சொல்லிடுப்பா," என்றாள் மகள். "சுத்து முடிஞ்சதும் எது சரியா நடந்துச்சு, எது நடக்கலன்னு ஒரு கூட்டம் போடுவீங்கல்ல. அதுல சொல்லிடு."

"எதை?"

"நான்தான் குடுத்தேன்னு."

"அது அவங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். ஆனா நீ சொல்லல."

நாலு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தனக்குக் கீழே வேலை செய்தவர்கள் முன்னால் தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவன் வாழ்க்கையில் சொன்னதில்லை. கடைசியில் சொன்னான். நின்றுகொண்டு, காகிதத்தை மேசை மேல் வைத்து, "இதை நான் போட்டேன். நான்தான் அனுப்பினேன். பழக்கத்துல அனுப்பினேன்னு சொல்லலாம், ஆனா அனுப்பறப்போ எனக்குத் தெரியும். இனிமே போட மாட்டேன்," என்றிருக்கிறான். தாடிக்காரன், "சரி சார்," என்றான்.

பத்து நாள் கழித்து, நாலாவது சுற்று முடிகிற சமயம், சாயந்திரம் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தடை சொன்னான்!" என்றான் வாசலிலிருந்தே.

"யாரு?"

"தாடி! டெஸ்ட் பண்ற மெஷின் மூணு நாளா படுத்துக் கெடக்குன்னான். வேற யார்கிட்டயும் சொல்லல, என்கிட்ட சொன்னான்."

"அடுத்தவனுக்குத் தடைன்னா இப்படியா குதிப்பாங்க," என்றாள் அவன் மனைவி. "பாவம், அந்தப் பையனோட அம்மா கேட்டா அடிக்க வருவாங்க."

அந்தத் தடையை விலக்குவதற்காக அவன் இரண்டு நாள் அலைந்தான். மாற்று மெஷின் ஒன்று கீழறையில் தூசி படிந்து கிடந்ததாம். எடுத்துத் தர ஒருவரிடம் கையெழுத்து, கதவைத் திறக்க இன்னொருவரிடம் சாவி. லிஃப்டும் பழுது. ஐந்து மாடி அவனே தோளில் தூக்கிக்கொண்டு ஏறினான். மறுநாள் சட்டைப் பையில் மிட்டாய்க் காகிதம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றியதை நான் பார்த்தேன். "என்னடா?" என்றேன். "மெஷின் தூக்கினதுல பிடிச்சுக்கிச்சுக்கா. ரெண்டு நாள்ல விட்டுடும்." ஒருநாள் மாடிப்படியில் பாதியில் நின்றிருந்தான். "என்னடா?" என்றேன். "செருப்பு வார் சரியில்ல," என்றான். குனிந்து செருப்பையும் தொட்டான். நான் கேட்டேன், அவன் சொன்னான், சொன்னதை நான் எடுத்துக்கொண்டேன். செருப்பைப் பார்த்த நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் மட்டும் ஒரு காலையில் பிடித்துக்கொண்டாள். "உனக்கு மட்டும் எப்படிப்பா தினம் தினம் தடையே இல்ல? பொய் சொல்றே."

"நான் தடையை விலக்கற ஆள்மா. எனக்கே தடை இருந்தா அவங்க எங்க போவாங்க?"

அதற்கும் சிரித்தோம்.

*

அவன் போன பிறகும் நாங்கள் ஏழே காலுக்கு அடுப்படிக்கு வந்துவிட்டோம். யாரும் சொல்லிக்கொண்டு வரவில்லை. நான் படியேறி வரும்போது தாயும் மகளும் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார்கள். ஃப்ரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவே அவன் நிற்கிற இடம் காலியாக இருக்கும். கதவு வழியாகப் போக அதுதான் நேர்வழி. மகள் மேசையைச் சுற்றிக்கொண்டு போவாள்.

முட்டை வேகிற நேரத்தில் ஜன்னல் ஆவியில் விரலால் கோடு போடுவது அவன் வழக்கம். அவனை அடக்கம் செய்து ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, அவன் மனைவி முதல்முறையாக முட்டை வேகப் போட்டாள். ஆவி கண்ணாடியில் ஏற ஏற, அந்தக் கோடுகள் வந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாக, படிக்கட்டு மாதிரி, ஒவ்வொன்றும் முந்தினது முடிகிற இடத்தில் தொடங்கி. விரலின் பிசுக்கு கண்ணாடியில் இருந்தால் அப்படி வரும் என்று எனக்குத் தெரியும். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுப்பை அணைத்ததும் மேலேயிருந்து ஒவ்வொரு கோடாக மறைந்தது. அவள் அந்தக் கண்ணாடியை அதற்குப் பிறகு துடைப்பதில்லை. முட்டையும் தினமும் வேகப் போடுகிறாள். நாங்கள் மூன்று பேரும் முட்டையை அவ்வளவு விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் அல்ல.

மூன்றாவது வாரம், ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் தொங்கிய துண்டைத் துவைக்க எடுத்தபோது, அதன் பின்னால் கதவின் அடிப்பக்கத்தில் ஒரு நீலச் சீட்டு இருந்தது. முழங்கால் உயரத்தில், செய்ய வேண்டியது என்ற பத்தியின் கடைசியில். பொடி எழுத்து. மகள் தரையில் உட்கார்ந்து வாசித்தாள்.

"தோள் வலி, டாக்டர். ஒரு பாயின்ட்."

"ஒரு பாயின்ட்டா?" என்றாள் அவள் அம்மா. "ஒண்ணுன்னா சின்ன வேலைதானே?"

"ஆமாம்மா. இருக்கறதுலயே சின்னது."

அவள் சீட்டைப் பிய்க்காமல் மூலையை மட்டும் விரலால் நிமிர்த்தினாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அஞ்சு புள்ளி இருக்கு."

"அதனால என்ன கண்ணு?"

"அஞ்சு தடவை தள்ளியிருக்கார். அப்படின்னா இதை எழுதினது முதல் சுத்துல." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மெஷினைத் தூக்கினது நாலாவதுல அத்தை."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அடுப்படியில் காலை நேரத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஏழே காலுக்கு வழக்கம்போல நின்றோம். வழக்கம்போல யாரும் பேசவில்லை. திடீரென்று தம்பி மனைவி, அடுப்பைப் பார்த்தபடியே, "நேத்து அவர் சட்டையெல்லாம் எடுத்து வச்சேன். பதினாலு இருந்துச்சு," என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்து, "இன்னைக்கு?" என்றேன்.

"தெரியல அண்ணி."

"தடை?"

கரண்டியைக் கீழே வைத்தாள். "இருக்கு," என்றாள். "இருக்கு அண்ணி. நெறைய இருக்கு."

*

அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவன் சாமான்களையும் எடுத்து வர வேண்டும். மகளுக்கு மனம் வரவில்லை. நானும் தம்பி மனைவியும் காலையிலேயே போனோம். அவன் போன அதே பஸ்ஸில் போக வேண்டாம் என்று நடந்தே போனோம். மழை விட்டிருந்தது, சாலையோரம் முழுக்கச் சேறு.

கண்ணாடிக்காரப் பெண் வாசலுக்கே வந்து அழைத்துப் போனாள். ஐந்து மேசைகள், ஒரு பலகை முழுக்க வண்ணச் சீட்டுகள். அவன் மேசையில் இருந்ததை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள்: ஒட்டும் நாடாச் சுருள்கள் மூன்று, நீள அளவுகோல், ஒரு கோப்பை, பிரிக்காத மிட்டாய் கொஞ்சம். ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். எங்களை உட்காரச் சொன்னார்கள். தம்பி மனைவி உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை.

கையெழுத்தெல்லாம் முடிந்து பெட்டியைக் கையில் வாங்கிய பிறகு தம்பி மனைவி கேட்டாள். "அன்னைக்கு நாலரைக்கு நீங்க எழுதிக் குடுக்கறதா இருந்துச்சு. அதையே நெனச்சுக்கிட்டுதான் போனார்."

கண்ணாடிக்காரப் பெண் தரையைப் பார்த்தாள். தாடிக்காரன்தான் முன்னால் வந்தான்.

"எழுதிட்டோம்மா. முந்தின நாளே எழுதிக் கவர்ல போட்டாச்சு. அவருக்குத் தெரியாது."

"என்னன்னு சொல்லலாமா?"

"நாலு பேரு வேணும்னு எழுதினாங்க." தம்பி மனைவியை நேராகப் பார்த்தான். "நான் வேண்டாம்னு எழுதினேன்."

"டேய்," என்றாள் கண்ணாடிக்காரப் பெண் மெதுவாக.

"இருக்கட்டும்மா, அவர் சொல்லட்டும்," என்றாள் தம்பி மனைவி. அவள் குரலில் கோபம் இல்லை. "ஏம்ப்பா?"

"அந்தக் காகிதம் அனுப்பினதுக்காக இல்லம்மா. அவர் எங்க முன்னாடி சொன்னாரே, அன்னைக்கே அதை விட்டுட்டேன். எனக்காக மெஷினைத் தூக்கிட்டு வந்தார்." நிறுத்தினான். "தினமும் அஞ்சு பேருகிட்டயும் தடை என்னன்னு கேப்பார். அவரோட முறை வந்தா, தடை எதுவும் இல்லம்பார். மூணு மாசமா ஒரு நாள்கூட எதுவும் இல்ல. ஒரு நாள் மாடிப்படியில மூச்சு வாங்கிட்டு நின்னார், நான் கேட்டேன். செருப்புன்னார். எங்களோட நிக்கறவர் எங்ககிட்ட சொல்லணும்ல? அதைத்தான் எழுதினேன். எங்களை நம்பி எதையும் சொல்ல மாட்டேங்கறார், அப்படிப்பட்டவர் எங்களுக்கு வேண்டாம்னு. அன்னைக்கு மீட்டிங்ல அவர்கிட்டயே அதைச் சொல்லிட்டு, அவர் பதில் சொன்னா கவரைக் கிழிச்சுப் போட்டுடலாம்னு இருந்தேன்."

தம்பி மனைவி பெட்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு அவனையே பார்த்தாள். "எங்ககிட்டயும்தான்ப்பா சொல்லல," என்றாள். பிறகு, "நீ எழுதினது சரிதான்," என்றாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது ஐந்து பேரின் கைபேசிகளும் ஒரே சமயத்தில் சிணுங்கின. மணி ஒன்பதே கால். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னம்மா?" என்றேன்.

"காலையில நிக்கற மீட்டிங்," என்றாள் கண்ணாடிக்காரப் பெண். "சார் வச்சது. தினமும் ஞாபகப்படுத்தறது அவர் பேர்லதான் வரும். வச்சவங்கதான் அதை நிறுத்த முடியும். கம்ப்யூட்டர்ல அவரோட கணக்கை மூடிட்டாங்க, அதனால இப்ப யாராலயும் நிறுத்த முடியல." கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

பிழை திருத்திய கண் எனக்கு. எதையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துவிடுவேன். மேலே அவன் பெயர். தொடங்கும் நாள், நேரம், இடம். எத்தனை பேர். அதன் கீழே இன்னும் ஒரு வரி.

அவர்கள் நிற்பதற்காக நாங்கள் கதவோரம் ஒதுங்கினோம். ஐந்து பேரும் வட்டமாக நின்றார்கள். "நேத்து..." என்று யாரோ தொடங்கியது கேட்டது. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படியிறங்கினோம்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. கண்ணாடிக்காரப் பெண் எப்போதாவது போன் செய்வாள். அந்த ஐந்து பேரில் இருவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறார்கள், அறையும் இரண்டாவது மாடிக்கு மாறிவிட்டது. மீட்டிங் மட்டும் அப்படியே வருகிறதாம், வேலை நாள் தோறும் ஒன்பதே காலுக்கு, அவன் பெயரில். அன்று நான் படித்த அந்தக் கடைசி வரியில், முடியும் தேதி என்ற இடத்தில் அவன் எதையும் போட்டிருக்கவில்லை.